பூனைக்குச் சுகமில்லையா? எது காத்திருக்கும், எது காத்திருக்காது

காலையில் எங்கள் ஒழுங்கைக்குள் மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் போதும். மதிலில் இருந்து ஒன்று, மாமரத்தடியில் இருந்து ஒன்று, அடுத்த வீட்டுக் கூரையில் இருந்து ஒன்று என்று பூனைகள் இறங்கி வரும். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் இது தினமும் பார்க்கிற காட்சிதான். எங்கள் கடுவன் சிவப்பன் அந்தக் கூட்டத்தில் எப்போதும் முதல் ஆள். ஒரு நாள் அவன் வரவில்லை. குசினிப் பக்கம் வைத்திருந்த மண் பெட்டிக்குள் போய்க் குந்தினான், வெளியே வந்தான், திரும்பவும் போய்க் குந்தினான். மலச்சிக்கலாக்கும் என்று நினைத்து மீனில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி, ஒரு நாள் பார்ப்பம்" என்று வீட்டில் சொன்னேன். அடுத்த நாள் விடியும்போது உடம்பு குளிர்ந்து கிடந்தான். ஓட்டோவில் கொண்டு போகும் வழியில் என் மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அவனுக்கு இருந்தது மலச்சிக்கல் இல்லை, மூத்திரக் குழாய் அடைப்பு. முதல் நாள் காலையிலேயே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பான்.

அதற்குப் பிறகு, பூனைக்கு வரும் ஒவ்வொரு நோயையும் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்ற கணக்கில்தான் பார்க்கிறேன். இந்த வழிகாட்டியையும் அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. சுகமாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள்

பூனை நோயை மறைக்கும். எலியைப் பிடிக்கிற அதே பூனையை நாயும் பெரிய மிருகங்களும் பிடிக்கும் என்பதால், பலவீனத்தை வெளியே காட்டாமல் இருப்பது அதற்கு இயல்பு. நோவில் கத்துகிற பூனையை விட, கட்டிலுக்கு அடியில் போய்ச் சத்தமில்லாமல் படுக்கிற பூனைதான் அதிகம். அதனால் உங்கள் பூனையின் வழக்கம் என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எந்த நேரம் சாப்பிடும், எங்கே படுக்கும், ஒரு நாளைக்கு எத்தனை தரம் மண்ணைக் கிளறும் என்பதெல்லாம்.

நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சுகமான பூனைக்கு 30க்குள் இருக்கும். தூங்கும்போதே 40ஐத் தாண்டினால் நெஞ்சிலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம். உதட்டை மெல்லத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். பூனையின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. எங்களை விட அதற்குச் சூடு கூட என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது.

மாதம் ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் சரி. 4 கிலோப் பூனையில் 400 கிராம் குறைவது எங்களில் ஒருவர் ஆறேழு கிலோ குறைவது மாதிரி. மயிர் அடர்த்தியாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, தராசுதான் காட்டும்.

2. மணிக்கணக்கு: உடனே ஓட வேண்டியவை

மூத்திர அடைப்பைத்தான் முதலில் சொல்வேன். இது பெரும்பாலும் கடுவன்களுக்கு வருவது, ஏனென்றால் அவற்றின் மூத்திரக் குழாய் மிக ஒடுக்கம். பளிங்கு போன்ற உப்புத் துகளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். திரும்பத் திரும்பக் குந்தும், ஒரு சொட்டும் வராது, பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கும், சில வேளை ஊளையிடும். பிறகு சத்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். வெளியேறாத மூத்திரம் சிறுநீரகத்தை நெருக்கும். இரத்தத்தில் பொற்றாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். இதெல்லாம் ஒன்று, இரண்டு நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடும். குந்துகிற பூனைக்குப் பின்னால் போய் மண் நனைந்திருக்கிறதா என்று கையால் கிளறிப் பாருங்கள். காய்ந்த மண் என்றால் இரவு என்றாலும் மிருக வைத்தியரைத் தேடுங்கள். வயிற்றில் சின்னத் தோடம்பழம் அளவில் இறுகிய உருண்டை தட்டுப்படலாம், அதை அமுக்க வேண்டாம், வெடித்துவிடும். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டு எடுக்க வேண்டும், சேலைன் ஏற்ற வேண்டும். வீட்டு வைத்தியம் எதுவும் இதற்கு இல்லை. பெட்டைப் பூனை அடிக்கடி குந்திச் சொட்டுச் சொட்டாக இரத்தம் கலந்து போனால், அது பெரும்பாலும் மூத்திரப்பை அழற்சி. அதையும் அன்றே காட்டுங்கள், ஆனால் உயிர் போகிற அவசரம் கடுவனுக்குத்தான்.

நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு விடுகிற பூனையைத் தாமதிக்காமல் தூக்க வேண்டும். எங்களூரில் வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெயில் அதிர்ச்சியாலும் இப்படி வரும். தகரக் கூரைக்குக் கீழே பூட்டி வைத்த பூனை என்றால் சந்தேகமே வேண்டாம். நிழலுக்குக் கொண்டு வந்து, பாதத்தையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கு முன்னால் வைத்தபடி ஓட்டோவுக்குச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அடுத்தது எங்கள் கையாலேயே கொடுக்கும் நஞ்சு. காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பனடோலில் இருக்கும் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றுவதற்கு எங்கள் ஈரலில் இருக்கும் நொதி பூனைக்குப் போதாது. ஒரே ஒரு குளிசை பெரிய பூனையையும் கொன்றுவிடும். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் முரசு நீலமாகவோ கபிலமாகவோ மாறும், முகம் வீங்கும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிகிராம் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரத்துக்குப் போனால் காப்பாற்றலாம். இபுபுரோபன், அஸ்பிரின் எதையும் உங்கள் கைக்கணக்கில் கொடுக்க வேண்டாம்.

நாய்க்கு என்று விற்கும் தெள்ளு மருந்தும் அப்படித்தான். அதில் பேர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். பூசியிருந்தால் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தால் இளஞ்சூட்டு நீரில் கழுவி, உடனே கொண்டு போங்கள். தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியால் குளிப்பாட்டுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் கூடாது. பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தோலில் பூசியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும்.

கடலோர வீடுகளுக்கென்றே இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று தூண்டிலும் தங்கூசி என்ற தூண்டில் நூலும். இரை குத்திய தூண்டிலைப் பூனை விழுங்கிவிடும், தங்கூசி வாயில் தொங்கும். இழுக்கவே வேண்டாம். உள்ளே குடல் அந்த நூலில் சுருங்கிக் கோர்த்திருக்கும், இழுத்தால் கத்தி மாதிரி அறுத்துவிடும். பின்பக்கம் நூல் தொங்கினாலும் அதே விதிதான். தையல் நூலும் இப்படித்தான். வாயில் தொங்குவதை வெட்டாமல் அப்படியே விட்டுக் கொண்டு போங்கள். மற்றது பேத்தை மீன். கரைவலை இழுத்த பிறகு மணலில் எறிந்துவிட்டுப் போகும் அந்த ஊதிய மீனில் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது. முதலில் நடை தள்ளாடும், பிறகு கால் விழும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும்.

3. நாள் கணக்கு: இன்று, பிந்தினால் நாளை

ஒரு முழு நாள் சாப்பிடாத பூனையை "விரதம் இருக்குது" என்று விட முடியாது. பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு எல்லாம் ஈரலுக்குள் வந்து குவிந்து, ஈரலே செயலிழந்துவிடும். குண்டான பூனைக்கு இரண்டு, மூன்று நாளே போதும். வெள்ளை விழியிலும் காதின் உட்பக்கத்திலும் மஞ்சள் தெரிந்தால் அது நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

குட்டிகளில் சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தால் அந்தக் கணமே புறப்படுங்கள். பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய்தான் நான் பார்த்ததிலேயே கொடியது. குட்டி தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. அந்தக் காட்சியை ஒரு தரம் பார்த்தவர் மறக்க மாட்டார். வைரஸ் குடலின் உட்தோலையும் வெள்ளை இரத்த அணுக்களையும் சேர்த்து அழிக்கிறது. வைரஸைக் கொல்ல நேரடி மருந்து இல்லை. சேலைன், சத்தி நிறுத்தும் ஊசி, மற்றக் கிருமிகள் தொற்றாமல் அன்டிபயோட்டிக் என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. ஐந்து நாள் தாங்கினால் நம்பிக்கை உண்டு. இந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் கூட உயிரோடு கிடக்கும். சாதாரண சவர்க்காரத்துக்குச் சாகாது. ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, தரையும் பாத்திரமும் பத்து நிமிடம் நனைந்து கிடக்கும்படி துடைக்க வேண்டும். குட்டி இறந்த வீட்டுக்கு, கவலையில் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டு வராதீர்கள். தடுப்பூசி முழுதாகப் போட்ட பூனை என்றால் மட்டும் சரி.

தும்மல், மூக்கொழுகல், கண் பூளை எல்லாம் பூனைச் சளிக்காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகை மாரியில் எங்கள் பக்கத்துத் தெருப் பூனைகள் ஒரே திண்ணையில் ஒதுங்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பெரும்பாலும் ஹேர்பீஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்கள்தான் காரணம். மூக்கு அடைத்தால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. கண்ணையும் மூக்கையும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மீனைக் கொஞ்சம் சூடாக்கி மணம் எழும்பக் கொடுங்கள். குளியலறையில் சுடுதண்ணீர் வாளி வைத்துக் கதவைச் சாத்தி, பூனையோடு நீங்களும் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூக்குத் திறக்கும். வாளி பூனைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தும்மல் மட்டும் என்றால் இரண்டு நாள் பார்க்கலாம். சாப்பாடு நின்றாலோ, ஒரு கண்ணை மூடியபடியே வைத்திருந்தாலோ பார்க்கக் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் மனிதக் கண் மருந்தை விட வேண்டாம். அதில் ஸ்டீரொய்ட் இருந்தால், ஹேர்பீஸ் புண்ணுள்ள விழி ஓட்டையாகிவிடும்.

சண்டை போட்டு வந்த கடுவனின் கன்னத்திலோ வாலடியிலோ மூன்று நாள் கழித்து ஒரு வீக்கம் எழும்பும். பல் குத்திய சின்ன ஓட்டை மேலே மூடிவிடும், உள்ளே சீழ் கட்டும். தானாக உடைந்தால், அரை லீட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவுங்கள். ஆனாலும் அன்டிபயோட்டிக் வேண்டும். பூனையிடம் இருந்து பூனைக்குக் கடியால் பரவும் எதிர்ப்புச்சக்திக் குறைபாட்டு வைரஸ் ஒன்றும் உண்டு. புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால் அதற்கு இரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது மனிதருக்குத் தொற்றாது.

4. கிழமைக் கணக்கு: அவசரமில்லை, ஆனால் மறக்கக் கூடாது

புழுவும் தெள்ளும் இல்லாத குட்டியை நான் கண்டதில்லை. வட்டப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்குப் போகும். அதனால் மூன்று கிழமை வயதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம் பூச்சி மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம். அளவு நிறையைப் பொறுத்தது. வயிறு பானை போலவும் முதுகெலும்பு துருத்தியும் இருந்தால் புழுதான். பின்புறத்து மயிரில் அரிசி மணி போல ஒட்டி நெளிவது நாடாப்புழுத் துண்டு, அது தெள்ளை விழுங்குவதால் வருவது. ஆக, தெள்ளை விட்டுவிட்டு நாடாப்புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அடுத்த மாதமே திரும்பி வரும்.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க, நுண்சீப்பால் வாரி விழுகிற கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் கடதாசியில் போடுங்கள். செம்மண் நிறத்தில் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, உள்ளே பூனையின் இரத்தம். சின்னக் குட்டியின் முரசு வெளுத்திருந்தால் தெள்ளே இரத்தத்தை உறிஞ்சி முடித்திருக்கலாம், அப்போது இது மணிக்கணக்கு விஷயமாகிவிடும். மருந்தைப் பூனையில் போடுவதோடு படுக்கைத் துணியைச் சுடுநீரில் அவித்துத் தோய்த்து, மூலை முடுக்கெல்லாம் கூட்டுங்கள். முட்டையும் புழுப்பருவமும் அங்கேதான்.

காதுக்குள் கோப்பித் தூள் போல அழுக்கு இருந்தால் காதுச் சிற்றுண்ணி. காது விளிம்பிலும் நெற்றியிலும் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு ஏறினால் அது சொறி, தெருப் பூனைகளில் நிறையக் காணலாம். மருந்துக்கு மிக நன்றாகக் கேட்கும். வட்டமாக மயிர் கொட்டினால் படர்தாமரை, அது பிள்ளைகளுக்கும் தொற்றும்.

வெள்ளைக் காதுப் பூனை வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். எங்களூர் வெயிலில் நிறமில்லாத காது விளிம்பிலும் மூக்கு நுனியிலும் தோல் புற்று வரும். சின்னக் கீறல் போலத் தொடங்கும், ஆறும் மாதிரி இருக்கும், திரும்பப் பொருக்குக் கட்டும். மூன்று கிழமையில் ஆறாத காதுப்புண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் காது நுனியை வெட்டினாலே முடிந்துவிடும்.

பத்து வயதைத் தாண்டிய பூனை வழக்கத்தை விடத் தண்ணீர் குடித்து, மெலிந்துகொண்டு வந்தால் பெரும்பாலும் சிறுநீரகம், நீரிழிவு, தைரொய்ட் மூன்றில் ஒன்றாக இருக்கும். இரத்தமும் மூத்திரமும் பரிசோதித்தால்தான் தெரியும். வாய் நாற்றம், எச்சில் வடிதல், சாப்பாட்டைக் கவ்விவிட்டுக் கீழே போடுதல் எல்லாம் பெரும்பாலும் பல், முரசு நோய்.

5. சோறும் மீனும்

எங்கள் வீடுகளில் பூனைச் சாப்பாடு என்றால் மீன் தலையும் சோறும். அது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் நாலு ஓட்டைகள் இருக்கின்றன. பூனைக்கு டோரின் என்ற சத்தை உடம்புக்குள் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. அது குறைந்தால் பார்வை போகும், இதயம் தளர்ந்து வீங்கும். டோரின் குறைவுக்கும் இதய வீக்கத்துக்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மீனில் டோரின் உண்டு, ஆனால் அவிக்கும்போது தண்ணீரில் இறங்கிவிடும். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் சோற்றோடு பிசைந்து வையுங்கள். அந்தத் தண்ணீர் மூத்திரப்பைக்கும் நல்லது.

இரண்டாவது, பச்சை மீன். பல சின்ன மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தினமும் பச்சையாகக் கொடுத்தால் பூனை தலையைக் கீழே தொங்கப் போடும், தள்ளாடும், வலிப்பு வரும். அவித்தால் அந்த நொதி அழியும். மூன்றாவது, சூரை போன்ற கொழுப்பு மீனை மட்டுமே கொடுப்பது. தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு அழற்சியாகி, தொட்டாலே கத்தும். நாலாவது, தினமும் ஈரல். விற்றமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்பு இறுகிவிடும், பூனையால் தலையைத் திருப்பி உடம்பை நக்க முடியாமல் போகும். கிழமையில் ஒரு நாள் சின்னத் துண்டு போதும்.

வெங்காயமும் உள்ளியும் போட்ட குழம்பைச் சோற்றில் ஊற்றாதீர்கள். இரண்டும் பூனையின் செங்குருதி அணுக்களை உடைக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் ஒத்துவராது, வயிற்றால் போகும். வசதி இருந்தால் பாதிச் சாப்பாடாவது பூனைக்கென்று செய்த உணவாக இருக்கட்டும். வெறும் காய்ந்த உணவு மட்டும் கொடுக்கிற வீட்டில், குறிப்பாகக் கடுவனுக்கு, தண்ணீர்ப் பாத்திரம் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்.

6. வைத்தியரிடம் போகும்போது

கையில் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறாதீர்கள். பஸ் ஹோர்ன் ஒன்றுக்கே துள்ளிக் குதித்துவிடும். கூடு இல்லாவிட்டால் இரண்டு பிளாஸ்டிக் பழக்கூடைகளில் ஒன்றின் மேல் மற்றதைக் கவிழ்த்து நாலு மூலையிலும் கயிற்றால் கட்டினால் நல்ல கூடு. உள்ளே பூனை வழக்கமாகப் படுக்கும் துணி, மேலே இன்னொரு துணியால் மூடல். இருட்டில் அது அமைதியாகும்.

போனில் வீடியோ எடுத்துப் போங்கள். வீட்டில் இருமிய பூனை மேசையில் சிலை போல இருக்கும். சத்தி எடுத்ததின் படம், மலம் ஒரு சின்னப் போத்தலில், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாக மூத்திரம் போன நேரம், வீட்டில் கொடுத்த மருந்தின் உறை. இவ்வளவும் கையில் இருந்தால் வைத்தியரின் பாதி வேலை முடிந்தது. ஸ்கேன், பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை வரை போக வேண்டி வரலாம். அதைப் பிந்தாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளிசை கொடுக்க, பூனையைத் துவாயில் சுற்றித் தலை மட்டும் வெளியே விடுங்கள். மேல்தாடையின் இரு பக்கமும் பிடித்து மூக்கு வானத்தைப் பார்க்கத் தூக்கினால் கீழ்த்தாடை தானாக இறங்கும். நாக்குக்கு மேலே, தொண்டைப் பக்கமாக ஆழமாகப் போட்டு வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். பிறகு ஊசியில்லாத சிறிஞ்சால் 5 மில்லிலீட்டர் தண்ணீரைப் பக்கவாட்டில் மெல்ல விட வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். சளிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்ளின் உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகி, குழாயே சுருங்கிவிடும்.

7. ஊசியும் கருத்தடையும்

பார்வோ, ஹேர்பீஸ், கலிசி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது. எட்டுக் கிழமை அளவில் முதல் ஊசி, பிறகு மூன்று, நாலு கிழமைக்கு ஒன்றாகப் பதினாறு கிழமை வயது வரை. ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியை வேலை செய்ய விடாது. கடைசி ஊசிதான் உண்மையில் காப்பது. ஒரு வருடம் கழித்து மீண்டும் ஒன்று.

கருத்தடையை நாலைந்து மாதத்திலேயே செய்யலாம். கடுவன் சண்டைக்கு அலைவது குறையும், சீழ்க்கட்டியும் கடியால் வரும் வைரஸும் அதோடு குறையும். பெட்டைக்கு முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் முலைப் புற்று வரும் வாய்ப்பு மிகவும் குறையும். கருத்தடை முடிந்த பூனைகளுக்கு உடம்பு வைக்கும், சாப்பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள்.

விசர்நோய் ஊசியைத் தனியாகப் போட வேண்டும். இலங்கையில் நாய்களில் மட்டுமல்ல, பூனைகளிலும் விசர்நோய் வருகிறது. சாதுவான பூனை திடீரென்று சீறிப் பாய்ந்தாலோ, குரல் மாறினாலோ, தாடை தொங்கி எச்சில் வடிந்தாலோ கிட்டப் போகாதீர்கள், வாய்க்குள் கை விட்டுப் பார்க்காதீர்கள். பூனை கடித்தால், இரத்தம் வருமாறு கீறினால், அது சின்னக் குட்டியாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். இது நாள் பார்க்கிற விஷயம் இல்லை, நோய்க்குறி தொடங்கிய பிறகு கொடுக்க மருந்து கிடையாது.